மிருதங்கம் பழகின காதுக்கு ஜாஸ்: எந்த ஆல்பத்தில் ஆரம்பிக்கலாம்?

புலியூர்க்காரன் (கடலூர்) கேட்டது:

வணக்கம். வீடு திருப்பாதிரிப்புலியூர், வேலை புதுச்சேரி. பஸ்ஸில் போய் வர்ற நேரம்தான் நான் பாட்டுக் கேட்கிற நேரம். சின்ன வயசில் மிருதங்கம் கத்துக்கிட்டேன். இப்போ வாசிக்கிறதில்லை, ஆனா எதைக் கேட்டாலும் கை தொடையில் தாளம் போட ஆரம்பிச்சிடும். போன ஜூன் 21 இசைத் திருநாள் அன்னிக்கு கடற்கரைப் பக்கம் ஒரு சின்னக் குழு சாக்ஸபோன், டபுள் பாஸ் (அடிக் குரலில் பேசுற பெரிய தந்தி வாத்தியம்), டிரம்ஸ்னு ஜாஸ் வாசிச்சாங்க. பஸ் போயிடுமேன்னு பாதியில் கிளம்ப வேண்டியதாப் போச்சு.

ஆபீஸ் நண்பர் ஒருத்தர் 'சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனோட ஜயன்ட் ஸ்டெப்ஸ் ஆல்பம் கேளு, அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது'ன்னார். கேட்டேன். அசாத்தியமான கை, அது புரியுது. ஆனா எதைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்கிறதுன்னே தெரியலை. மூணு நாலு ஆல்பம் சொல்லுங்க, ஏன் அதுன்னும் சொல்லுங்க. 'கேட்கக் கேட்கப் பழகிடும்'னு மட்டும் சொல்லிடாதீங்க.

முத்தியால்பேட்டை எல்.பி:

தம்பி, நண்பர் கொடுத்தது நல்ல ஆல்பம்தான். முதல் நாளே கொடுக்கிற ஆல்பம் இல்லை, அவ்வளவுதான். நம்ம கச்சேரியில் தம்புரா மீட்டியாச்சுன்னா மங்களம் வரைக்கும் ஷட்ஜம், அதாவது ஆதாரமான 'ஸ', அசையாது. ஜயன்ட் ஸ்டெப்ஸில் அந்த ஷட்ஜமே மூணு இடத்துக்கு மாறி மாறித் தாவும். ஒண்ணுக்கொண்ணு அந்தர காந்தார தூரம் ('ஸ'விலிருந்து பெரிய 'க' வரைக்கும்), அதுவும் அந்த வேகத்தில். உங்க காது ஆதார சுருதியைத் தேடுது, கிடைக்கலை. மனோதர்மம், அதாவது அந்த நேரத்துக் கற்பனையில் வாசிக்கிறது, நமக்குப் புதுசா என்ன? காலுக்குக் கீழே தரை நகர்றதுதான் புதுசு. அதனால தரை அதிகம் நகராத ஆல்பத்தில் ஆரம்பிங்க.

டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ், 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. முதல் பாட்டு 'ஸோ வாட்'. பாஸ் ஒரு கேள்வி கேட்கும், மத்தவங்க ரெண்டு தட்டில் பதில் சொல்வாங்க. சுரங்களைப் பார்த்தா நம்ம கரகரப்பிரியாதான் (சுரத்தை அசைக்கிற கமகம் கிடையாது, ராகமா எதிர்பார்க்காதீங்க). ஆதி தாளம் போட்டுக்கிட்டே கேளுங்க: எட்டு ஆவர்த்தனம் (ஒண்ணுக்கு எட்டு அடி) ஒரே இடம், அப்புறம் நாலு ஆவர்த்தனம் எல்லாமே அரைக் கட்டை சுருதி ஏறும், திரும்ப நாலு பழைய இடம். இதுதான் ஒரு சுற்று. எத்தனை பேர் தனியா வாசிச்சாலும் இந்தச் சுற்று மாறாது. முதலில் மைல்ஸ், சுரத்தை எண்ணித்தான் செலவு பண்ணுவார். அவருக்கு அடுத்து வர்றது யாருன்னு நினைக்கிறீங்க? உங்களைத் திணறடிச்ச அதே கோல்ட்ரேன்தான், ஜயன்ட் ஸ்டெப்ஸைப் பதிவு பண்ணின அதே வருஷம். ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டா நான் சொல்றது விளங்கும்.

இன்னொண்ணு. என்கிட்ட இருக்கிறது சண்டே மார்க்கெட்டில் வாங்கின 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வோட பழைய எல்.பி. இசைத்தட்டு. அந்தக் காலத்து அச்சுகளில் முதல் பக்கம் முழுக்க சுருதி ஒரு பொட்டு தூக்கலா இருக்கும், ஏன்னா பதிவு பண்ணின அன்னிக்கு டேப் மெஷின் மெதுவா ஓடியிருக்கு, அதைச் சரியான வேகத்தில் ஓட்டினா சுருதி ஏறிடும். 1990களில் வந்த மறுபதிப்புகளில்தான் அதைச் சரி பண்ணினாங்க. சுருதிப் பெட்டியோட ஒத்துப் பார்க்கிற ஆளா இருந்தா குழம்பிடாதீங்க.

அடுத்தது பியானோக்காரர் டேவ் ப்ரூபெக், 'டைம் அவுட்'. இதுவும் 1959. அதில் 'டேக் ஃபைவ்' பாட்டு அஞ்சு அடி, ஆனா நம்ம கண்ட சாபு மாதிரி 'தக தகிட' இல்லை, 'தகிட தக'. 'ப்ளூ ரோண்டோ' ஒன்பது அடி: மூணு தடவை 'தக தக தக தகிட', நாலாவது தடவை 'தகிட தகிட தகிட'. ப்ரூபெக் 1958ல் இந்தியா வரைக்கும் வந்து வாசிச்சவர். அந்தச் சுற்றுப்பயணத்தில் இஸ்தான்புல் தெருவில் கேட்ட தாளம்தான் இந்த ஒன்பது.

லாஸ்பேட்டை வாசகி:

பெரியவர் சொன்னது சரி. ஆனா எல்லாத்தையும் விரல் விட்டு எண்ணித்தான் கேட்கணுமா சார்? எலா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடின 'எலா அண்ட் லூயி' (1956) போடுங்க. ஒண்ணு பட்டுக் குரல், ஒண்ணு கரகரப்பு. பின்னாடி ஆஸ்கார் பீட்டர்சன் பியானோ. எந்தப் பாடமும் தேவையில்லை.

அப்புறம், பஸ்ஸில் கேட்கிறேன்னீங்க. இஞ்சின் சத்தம் டபுள் பாஸை அப்படியே முழுங்கிடும். பாஸ் கேட்கலைன்னா இந்த இசையில் பாதி போச்சு. காதை நல்லா அடைக்கிற இயர்போன் ஒண்ணு வாங்குங்க, ஆல்பமெல்லாம் அப்புறம்.

கெடிலக்கரை:

இவ்வளவு யோசனை எதுக்கு? ஷக்தி குழுவைக் கேளுங்க தலைவா. ஜான் மெக்லாக்லின் கிடார், விக்கு விநாயக்ராம் கடம், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா. 1976ல் வந்த முதல் ஆல்பம், மேடையில் பதிவானது. நமக்கு இதை விட்டா என்ன இருக்கு!

முத்தியால்பேட்டை எல்.பி:

ஷக்தி அற்புதம், மறுக்கலை. ஆனா தம்பி வெளியூர் போக வழி கேட்கிறார், நீங்க அவர் வீட்டு வாசலிலேயே கொண்டு விடுறீங்க. அப்படி நம்ம வாசனையோடதான் வேணும்னா ரெண்டு சொல்றேன். ஜாஸ் வாசிக்கிற ருத்ரேஷ் மஹந்தப்பாவும் கர்நாடக சங்கீதம் வாசிச்ச கத்ரி கோபால்நாத்தும் சேர்ந்த 'கின்ஸ்மென்', 2008. ரெண்டு பேர் கையிலும் ஆல்டோ சாக்ஸபோன்தான். ஒரே வாத்தியத்தில் யார் சுரத்தை அசைக்கிறாங்க, யார் நேரா நிறுத்துறாங்கன்னு பாருங்க. இன்னொண்ணு ஆலிஸ் கோல்ட்ரேன், ஜானோட மனைவி: 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971. பேரில் இருக்கிற சுவாமி சச்சிதானந்தா கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஆலிஸ் வாசிக்கிற ஹார்ப்புக்கு (யாழ் மாதிரித் தந்தி வாத்தியம்) கீழே நிஜத் தம்புராவே ஓடும், பாஸும் ஒரே சொல்லைச் சுத்திச் சுத்தி வரும். நீங்க தேடின ஷட்ஜம் அங்க உட்கார்ந்திருக்கு.

புலியூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. 'ஸோ வாட்' கேட்டேன். எட்டு ஆவர்த்தனம் முடிஞ்சு அரைக் கட்டை ஏறினப்போ சரியாப் பிடிச்சேன், பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். கோல்ட்ரேன் வந்ததும் எண்ணிக்கை எங்கேயோ போயிடுச்சு, ஆனா கஷ்டமா இல்லை. அதில் பியானோ வாசிக்கிற பில் எவன்ஸ் தனிக் குழு வச்சிருந்தாராமே, அதில் எது நல்லது?

முத்தியால்பேட்டை எல்.பி:

'சண்டே அட் த வில்லேஜ் வான்கார்ட்'. 1961 ஜூன் 25, நியூயார்க் கிளப்பில் பதிவானது. பியானோ, பாஸ், டிரம்ஸ், மூணே பேர். ஸ்காட் லஃபாரோவோட பாஸ் அதில் பக்கவாத்தியம் இல்லை, பியானோவுக்குச் சரிக்குச் சரி பேசும். முதலில் அந்த அம்மா சொன்ன இயர்போனை வாங்கிடுங்க.