எட்டோமாக்சிர் 200 மைக்ரோமோலார்: முடிவை நம்பலாமா?

கேள்வி:
மேக்ரோபேஜ் (கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்பு) செல்களில் கொழுப்பு அமில எரிப்பைத் தடுக்க எட்டோமாக்சிர் என்ற மருந்தை 200 மைக்ரோமோலார் போடுகிறேன், ஆக்சிஜன் நுகர்வு நன்றாக இறங்குகிறது. ஆனால் சிபிடி2 மரபணுவை நீக்கியதால் நீண்ட கொழுப்பு அமிலங்களை எரிக்கவே முடியாத செல்களிலும் அதே மாதிரி இறங்குகிறது. மருந்து வேறு எதையாவது பிடிக்கிறதா?

பதில் 1:
ஆமாம், பிடிக்கிறது. கொழுப்பு அமிலத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்ப உதவும் சிபிடி1 என்சைம்தான் இதன் இலக்கு, அதை நிறுத்த சில மைக்ரோமோலாரே போதும். 200-ல் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியில் முதல் என்சைமான காம்ப்ளெக்ஸ் 1-உம் தடைபடுவதை 2018-லேயே காட்டிவிட்டார்கள். அப்புறம், இந்த மருந்து செல்லுக்குள் கோஎன்சைம் ஏ (வளர்சிதை மாற்றத்துக்குத் தேவையான துணை மூலக்கூறு) உடன் சேர்ந்துதான் வேலை செய்யும் என்பதால், டோஸ் கூடும்போது செல்லின் கோஎன்சைம் ஏ இருப்பே கரைந்துபோகிறது. எம்2 (அழற்சியைத் தணிக்கும் வகை) மேக்ரோபேஜுக்குக் கொழுப்பு எரிப்பு கட்டாயம் என்ற முடிவு ஆட்டம் கண்டது இதனால்தான்.

பதில் 2:
செல் சவ்வில் துளையிட்டு காம்ப்ளெக்ஸ் 1 வழியாக எரியும் பைருவேட்டும் மாலேட்டும் கொடுத்து சுவாசத்தை அளந்து பாருங்கள். அது விழுந்து, காம்ப்ளெக்ஸ் 1-ஐத் தாண்டிப் போகும் சக்சினேட் கொடுத்ததும் எழுந்தால் அடி காம்ப்ளெக்ஸ் 1-ல்தான். டோஸை 3 மைக்ரோமோலாரிலிருந்து படிப்படியாக ஏற்றுங்கள், தயவுசெய்து 200-ஐ விட்டுவிடுங்கள்.

கேட்டவர்:
சரி, நன்றி. கிளைகாலிசிஸை (குளுக்கோஸ் சிதைவை) தடுக்கப் போடும் 2-டிஆக்சிகுளுக்கோஸிலும் இப்படி வேறு விளைவு உண்டா?

பதில் 1:
உண்டு. அது மேனோஸ் என்ற சர்க்கரை போலவும் நடித்து புரதங்களில் சர்க்கரை ஏறுவதைக் கெடுக்கும். கொஞ்சம் மேனோஸ் சேர்த்து விளைவு மீள்கிறதா என்று பாருங்கள். மீண்டால் அது கிளைகாலிசிஸ் தடையால் வந்ததல்ல.