வேகமான வேகன்கள்: ஆர்எஸ் 2, ஆர்எஸ் 6 பற்றிய உங்கள் அனுபவங்கள்

நெக்கர்க்கரையான் (ஹைல்பிரான், ஜெர்மனி)

ஆடியின் வேகமான வேகனான (கூரை பின்கதவுவரை நீண்டு பெரிய டிக்கியோடு வரும் கார்; ஆடி இதை அவான்ட் என்கிறது) ஆர்எஸ் 6 அவான்ட் உருவாகும் நெக்கர்சுல்ம் ஆலை எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் இந்தக் காரைத் தெருவில் பார்ப்பது எனக்குப் பழகிப்போன காட்சி. ஆனால் முழுச் சுமையோடு அதில் பயணம் செய்தது சென்ற கோடையில்தான். என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வூர்ஸ்பூர்க் பக்கம் முகாமுக்குக் கிளம்பினார். என்னையும் ஏற்றிக்கொண்டார். டிக்கி நிறைய கூடாரம், தண்ணீர்க் கேன்கள், அடுப்பு. எனக்குப் பின் இருக்கையில் பிள்ளைகளுக்கு நடுவே இடம்.

ஏ81 நெடுஞ்சாலையில் வேக வரம்பு இல்லாத ஒரு பகுதியில் அவர் 200ஐத் தாண்டினார். சிறிது நேரத்தில் ஒரு லாரிக்கு வழிவிடத் தடம் மாறினார். அந்தத் தடம் மாற்றத்தை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வேகனில் சுமையின் பெரும்பகுதி பின் அச்சுக்கு மேலும் அதற்குப் பின்னாலும்தான் உட்காரும். சாதாரணமாக அந்தச் சுமை காரின் பின்பக்கத்தைத் தாழ்த்திவிடும். முன்சக்கரங்களின் பிடி தளரும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வால் ஒரு கணம் தாமதித்துத் தொடரும். இங்கே அந்தத் தாமதம் இல்லவே இல்லை. பின் இருக்கையில் நடுவில் உட்கார்ந்திருந்ததால் அதை உடம்பால் உணர முடிந்தது.

இதற்குப் பின்னால் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. காற்று ஸ்பிரிங்குகள் எவ்வளவு சுமை ஏற்றினாலும் காரை ஒரே உயரத்தில் வைத்திருக்கின்றன; 120 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தாமாகவே இன்னும் 10 மில்லிமீட்டர் இறங்கிக்கொள்கின்றன. பின்சக்கரங்களும் திரும்புகின்றன. மெதுவாகப் போகையில் முன்சக்கரங்களுக்கு எதிர்த் திசையில் 5 டிகிரி வரை திரும்புவதால் குறுகிய இடத்தில் கார் எளிதாக வளைகிறது. வேகமாகப் போகையில் அதே திசையில் 2 டிகிரி வரை திரும்புவதால் தடம் மாறும்போது வால் அலைவதில்லை.

எல்லோரும் 600 குதிரைத்திறனைப் பற்றியும், 100 கிலோமீட்டர் வேகத்தை 3.6 வினாடியில் தொடுவதைப் பற்றியும் பேசுகிறார்கள். பேசட்டும், அது உண்மைதான். ஆனால் 2,075 கிலோ எடையுள்ள ஒரு கார், ஓட்டுநர் மட்டும் போகும்போதும் ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறிய பிறகும் ஒரே குணத்தோடு நடந்துகொள்வது எனக்கு அதைவிடப் பெரிய சாதனையாகப் படுகிறது. ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு இல்லை. அவர்கள் காரில் ஏறப்போவது இரண்டே பேர் என்று முன்கூட்டியே தெரியும்.

இப்படிப்பட்ட வேகன்களில் நீங்கள் ஏறியிருந்தால், ஓட்டியிருந்தால், பழுது பார்த்திருந்தால் எழுதுங்கள். படத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஐந்து சிலிண்டர் (ஸ்டுட்கார்ட்)

நான் தொடக்கத்துக்கே போகிறேன், ஆர்எஸ் 2 அவான்டுக்கு. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நீல நிற ஆர்எஸ் 2 வைத்திருக்கிறார். மழை இல்லாத ஞாயிறுகளில் மட்டும்தான் வெளியே எடுப்பார். கேட்டுக் கேட்டு ஒருநாள் பக்கத்து இருக்கையில் இடம் வாங்கிவிட்டேன்.

இந்தக் காரின் பிறப்புக் கதையே தனி. ஆடி 80 அவான்டின் உடலை எடுத்துக்கொண்டு, அதை வேறொரு காராக மாற்றும் வேலையை ஆடி நிறுவனம் போர்ஷேவிடம் கொடுத்தது. 1990களின் தொடக்கத்தில் போர்ஷேவின் விற்பனை படுத்துக் கிடந்தது. வெளி வேலை அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஸ்டுட்கார்ட்டின் ஸூஃபன்ஹவுசனில் உள்ள போர்ஷே ஆலையில், மெர்சிடிஸ் 500 ஈ கார்களைக் கோத்த அதே கூடத்தில் 1994, 1995 ஆண்டுகளில் ஆர்எஸ் 2 உருவானது. மொத்தம் சுமார் 2,900 கார்கள்தான். பக்கக் கண்ணாடிகள் போர்ஷே 911இலிருந்து வந்தவை. 17 அங்குலச் சக்கரங்கள் போர்ஷே கப் வடிவம். பிரெம்போ செய்த சிவப்பு பிரேக் காலிப்பர்களில் (டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் பாகம்) போர்ஷே என்றே எழுதியிருக்கும். பின்கதவின் குறுக்கே ஓடும் சிவப்புப் பட்டையும் 911ஐ நினைவூட்டும்.

பெரியவர் முதலில் ஊருக்குள் மெதுவாகத்தான் ஓட்டினார். வெள்ளை முகப்பு மீட்டர்களையும் கொஞ்சம் விறைப்பான இருக்கையையும் தவிர்த்தால், யாருடைய வீட்டிலும் நிற்கக்கூடிய பழைய குடும்பக் கார்தான். ஊரைத் தாண்டியதும் மூன்றாம் கியரில் முழுவதுமாக மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் சுற்று ஏறிக்கொண்டே போனது. 3,000ஐ நெருங்கியபோது பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்து இருக்கையில் அமுக்கியது போல ஓர் உந்தல் வந்தது. அதன் பிறகு அடுத்த கியர் மாற்றும்வரை அது விடவேயில்லை.

ஏன் இப்படி? எஞ்சின் 2,226 கனசென்டிமீட்டர்தான், ஐந்து சிலிண்டர். அதிலிருந்து 315 குதிரைத்திறனை எடுக்கப் பெரிய டர்போவையும் (வெளியேற்ற வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது) அதற்கு ஈடான பெரிய இன்டர்கூலரையும் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது) வைத்தார்கள். பெரிய டர்போவைச் சுழற்ற நிறைய வெளியேற்ற வாயு வேண்டும். சிறிய எஞ்சின் குறைந்த சுற்றில் அவ்வளவு வாயுவைத் தருவதில்லை. அதனால்தான் அந்தக் காத்திருப்பு. இன்றைய பொறியாளர்கள் இதைக் குறை என்று சொல்லி ஒழித்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆறு கியர்களையும் கையால் மாற்றிக்கொண்டு, டர்போ எப்போது விழிக்கும் என்று கணித்து மிதிப்பது ஒரு தேர்ச்சி. பெரியவர் ஒவ்வொரு வளைவுக்கும் சற்று முன்பே மிதித்து, வளைவு முடியும் இடத்தில் உந்தலைச் சரியாக வாங்கிக்கொண்டார்.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். ஐந்து சிலிண்டர்கள் 1-2-4-5-3 என்ற வரிசையில், கிராங்க் தண்டு 144 டிகிரி சுழல்வதற்கு ஒருமுறை வெடிக்கின்றன. அடுத்தடுத்த சிலிண்டர்களும் தள்ளி நிற்கும் சிலிண்டர்களும் மாறி மாறி வருவதால் நான்கு சிலிண்டரின் சீரான இரைச்சலும் இல்லை, ஆறு சிலிண்டரின் வழவழப்பும் இல்லை. கரகரத்த குரலில் ஒரு தாளம். 1980களின் ராலிப் பந்தயங்களில் ஆடி குவாட்ரோ எழுப்பிய சத்தத்தின் நேரடி வாரிசு அது.

பிரிட்டனின் ஆட்டோகார் இதழ் இந்தக் காரை அளந்தபோது 30 மைல் வேகத்தை 1.5 வினாடியில் தொட்டதாகப் பதிவு செய்தது. அந்தச் சிறு தூரத்தில் அப்போதைய அதிவேக ஸ்போர்ட்ஸ் காரான மெக்லாரன் எஃப்1கூட அதற்குப் பின்னால்தான். நான்கு சக்கரங்களும் சேர்ந்து தள்ளுவதன் பலன் அது.

நெக்கர்க்கரையான் சொன்ன சுமைக் கணக்குக்கு வருகிறேன். ஆர்எஸ் 2இல் இருப்பவை வெறும் எஃகு ஸ்பிரிங்குகள், தாழ்த்தி விறைப்பாக்கியவை. பின்னால் பாரம் ஏற்றினால் அதைக் கண்டறிந்து சரிசெய்ய எதுவுமில்லை. பெரியவர் டிக்கியில் ஒரு போர்வையையும் கருவிப் பெட்டியையும் தவிர எதையும் வைப்பதில்லை. வேகனை வேகமாக்க முடியும் என்று நிரூபித்தது ஆர்எஸ் 2. அதை வேகனாகவே வைத்திருக்கும் வேலை பின்னால் வந்தவர்களுக்கு மிஞ்சியது.

டோர்ட்முண்ட் கராஜ்

வணக்கம் அண்ணா. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே பல வருடங்களாக மெக்கானிக்காக இருக்கிறேன். ஓடும் காரைவிட லிஃப்டில் தூக்கி வைத்த காரைத்தான் எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

முதன்முதலில் புதிய ஆர்எஸ் 6இன் முன்சக்கரத்தைக் கழற்றியபோது உள்ளே இருந்த செராமிக் பிரேக் டிஸ்க்கைப் பார்த்துக் கொஞ்ச நேரம் வேலை செய்யாமல் நின்றுவிட்டேன். விட்டம் 440 மில்லிமீட்டர். சிறிய குடும்பக் காரின் டயரில்லாத ரிம்மே அதற்குள் அடங்கிவிடும். காலிப்பரில் பத்து பிஸ்டன்கள். எஃகு டிஸ்க்குகளோடு ஒப்பிட்டால் நான்கு சக்கரங்களிலும் சேர்த்து சுமார் 34 கிலோ மிச்சம் என்று கணக்கு. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையில் மிச்சமாகும் ஒவ்வொரு கிலோவும் சக்கரம் சாலையை விடாமல் பிடிக்க உதவும். இரண்டு டன் காரை 250இலிருந்து நிறுத்தும்போது பிறக்கும் சூடு கொஞ்சமல்ல. சுமையோடு போகும் கார் என்றால் இன்னும் கூடுதல். ஆகவே இந்த பிரேக்கை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது எஞ்சின். 4 லிட்டர் வி8இல் (எட்டு சிலிண்டர்கள் வி வடிவில் இரு வரிசையாக நிற்கும் எஞ்சின்) இரண்டு டர்போக்களும் வி வடிவத்தின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன. வாயு வெளியேறும் வழி உள்பக்கம். காற்று நுழையும் வழி வெளிப்பக்கம். வாயு டர்போவை அடையும் தூரம் குறைவு என்பதால் ஐந்து சிலிண்டர் அண்ணா எழுதிய காத்திருப்பு இங்கே பெரும்பாலும் கிடையாது. 800 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 2,050 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் அத்தனை சூடும் பானட்டுக்கு நட்டநடுவில் குவிகிறது. நெடுஞ்சாலையில் ஓடி வந்த காரை அணைத்த பிறகும் விசிறியும் கூலன்ட் பம்பும் தொடர்ந்து ஓடுகிற சத்தம் கேட்கும். புதிதாக வாங்கியவர்கள் பழுது என்று பயந்து எங்களிடம் கொண்டு வருவதுண்டு. பழுதில்லை, டர்போவின் சூட்டை இறக்குகிறது.

தேம்ஸ் வடகரை (லண்டன்)

சிறிய குறிப்பு. ஒரு பழைய கார் கண்காட்சியில் வால்வோ 850 எஸ்டேட் பந்தயக் காரை அருகில் நின்று பார்த்தேன். 1994இல் பிரிட்டிஷ் டூரிங் கார் போட்டியில் ரிக்கார்ட் ரிடெலும் யான் லாமர்ஸும் ஓட்டிய வகை. அந்த நீளக் கூரையோடு வளைவுகளில் மற்ற செடான்களுக்கு நடுவே புகுந்து போனதை நினைத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு விதிகள் மாறிப் பின்சிறகு வைக்க அனுமதி கிடைத்ததும் வால்வோ செடானுக்கு மாறிவிட்டது. ஒரே பருவம்தான், ஆனால் வேகன் என்றாலே மந்தம் என்ற எண்ணத்தை எனக்குள் உடைத்தது அந்தக் கார்.

நொய்யல் (கோயம்புத்தூர்)

ஆர்எஸ் 6 அவான்ட் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது என்பது பலருக்கு மறந்திருக்கும். 2015 ஜூனில், 1.35 கோடி ரூபாய்க்கு. அது முந்தைய தலைமுறை, 560 குதிரைத்திறன். அவினாசி சாலையில் ஒன்றைப் பார்த்தேன். வேகத்தடையில் ஓட்டுநர் மிகப் பொறுமையாகக் குறுக்காக ஏற்றி இறக்கினார். எனக்குக் கொள்ளை ஆசை, ஆனால் அந்தப் பணம் வைத்திருப்பவர்கள் இங்கே உயரமான வண்டியைத்தான் கேட்கிறார்கள். புதிய ஆர்எஸ் 6இன் வி8 எஞ்சினோடு, உயரமான எஸ்யூவியான ஆர்எஸ் க்யூ8 2020இல் வந்துவிட்டது. நம் சாலைக்கு அதுவே போதாதா? வேகன் ஆதரவாளர்கள் என்ன சொல்கிறீர்கள்?

நெக்கர்க்கரையான் (ஹைல்பிரான், ஜெர்மனி)

நொய்யல், கோவைச் சாலைகளுக்கு உங்கள் வாதம் சரிதான். பொறியியலாகப் பார்த்தால் என் பதில் வேறு. ஆர்எஸ் க்யூ8 சுமார் 2,315 கிலோ, அதாவது ஆர்எஸ் 6ஐவிட 240 கிலோ கூடுதல். எடையும் உயரமும் சேர்ந்து வளைவில் காரைச் சாய்க்கப் பார்க்கும். அதைத் தடுக்க 48 வோல்ட் மோட்டார்களை ஆன்டி-ரோல் பாருக்குள் (இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் தண்டு) வைத்து முறுக்குகிறார்கள். அருமையான வேலைதான். ஆனால் உயரத்தால் தாமே வரவழைத்த சிக்கலைத் தீர்க்க அவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறது. வேகன் தாழ்ந்து இருப்பதாலேயே அந்தச் சிக்கலில் பாதி பிறப்பதேயில்லை.

சாய்வைக் குறைக்க ஆர்எஸ் 6இல் வேறொரு வழியும் உண்டு. 2002இல் வந்த முதல் தலைமுறையிலிருந்தே இருக்கிறது. இடது முன் ஷாக் அப்சார்பரை வலது பின்னதோடும், வலது முன்னதை இடது பின்னதோடும் எண்ணெய்க் குழாயால் இணைத்து, நடுவில் ஒரு வால்வு. வளைவில் ஒரு மூலை அமுங்கி எதிர்மூலை எழும்போது எண்ணெய் அந்த வால்வு வழியாக எதிர்ப்புக் கொடுத்துச் சாய்வைத் தணிக்கிறது. என் நண்பரிடம் இருக்கும் தலைமுறையில் இதைக் கேட்டு வாங்கினால் எஃகு ஸ்பிரிங்குகள் வரும், காற்று ஸ்பிரிங்குகள் போய்விடும். என் நண்பர் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காற்றையே எடுத்தார். தனியாக மலைப்பாதையில் ஓட்டுகிறவருக்கு எஃகு பிடிக்கும். கூடாரமும் பிள்ளைகளுமாகப் போகிறவருக்கு உயரம் மாறாத காற்று ஸ்பிரிங்தான் பொருந்தும். என் கையில் பணம் இருந்தால் நானும் அதையே கேட்பேன்.