சில்வர் டப்பாவில் விழும் பணம்

பெரிய வீட்டுச் சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

சாத்தப்பன் அம்மான்: காரைக்குடியில் ஒரு மன்றத்தில் என்னைச் சேரச் சொல்கிறார்கள். சாயங்காலம் காசு வைத்து ரம்மி. பதிவு செய்த மன்றமாம், போலீஸ் வராதாம். மீனா, நீ வக்கீல், சொல்லு.

மீனாள்: பதிவு மட்டும் போதாது அம்மான். என்ன ஆட்டம், பணம் யாருக்குப் போகிறது, இது இரண்டும்தான் கேள்வி.

ஆயா: கல்யாண வீட்டு முகப்பில் ஜமுக்காளம் விரித்து விடிய விடிய ஆடினார்களே, அதுவும் தப்பா?

மீனாள்: வீட்டுக்காரருக்கு அதில் வரும்படி கிடையாதே ஆயா. 1930ஆம் வருடத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் பிடிப்பது, லாபத்துக்காகச் சீட்டாட இடம் கொடுப்பவரையும் அங்கே போய் ஆடுபவரையும். திறமை ஆட்டத்துக்கு 11ஆம் பிரிவில் விலக்கும் உண்டு.

சாத்தப்பன் அம்மான்: ரம்மி திறமைதானே?

மீனாள்: ஆமாம். செகந்திராபாத்தில் இருந்த ஒரு கிளப் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. விழுந்த சீட்டையெல்லாம் நினைவில் வைத்து, எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்று யோசிக்கிற ஆட்டம். மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

அண்ணாமலை அண்ணன்: 2012இல் சென்னை உயர் நீதிமன்றம், காசு வைத்தால் ரம்மியும் சூது என்றதே?

மீனாள்: அந்த வழக்கையே திரும்பப் பெற்றுவிட்டார்கள் அண்ணே. அதனால் அந்தக் கருத்துகள் நிற்காது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அம்மான், அங்கே பணம் எப்படி வாங்குகிறார்கள்?

சாத்தப்பன் அம்மான்: ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்தவரிடம் நூற்றுக்குப் பத்து. மன்றத்துக்காரர் வாங்கி சில்வர் டப்பாவில் போட்டுக்கொள்கிறார். பத்து மணிக்கு மேல் மாடியில் மூணு சீட்டு.

மீனாள்: ஐயோ அம்மான், அங்கே போகவே போகாதீர்கள். செகந்திராபாத் கிளப் வாங்கியது சீட்டுக்கட்டு, உட்கார இடம் போன்ற வசதிகளுக்கான கட்டணம். அது லாபமில்லை என்றார்கள். பந்தயப் பணத்தில் கிளப் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். இங்கே டப்பாவில் விழுவது அதுதான். மாடியில் நடப்பதற்கோ எந்த விலக்கும் கிடையாது. சும்மா கீழே உட்கார்ந்திருந்தேன் என்றால் யார் கேட்பார்கள்? எனக்கு உங்களைப் பற்றித்தான் கவலை.

ஆயா: சாத்தப்பா, ஆடணும் என்றால் நம் வீட்டிலேயே ஆடு.

சாத்தப்பன் அம்மான்: சரி ஆத்தா. முன்பணம் 2,000 கொடுத்துவிட்டேன். நாளைக்கே போய்க் கேட்கிறேன்.

மீனாள்: ரசீது?

சாத்தப்பன் அம்மான்: துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

மீனாள்: அதைப் படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்புங்கள். நாளைக்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டு பகலிலேயே போய்விட்டு வாருங்கள்.