மானிப்பாய் வைத்தியசாலைக்குக் கருவிகள்: விபரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் உள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு ரொறன்ரோவிலிருந்து இயன்றதை அனுப்பிவரும் சிறிய தொண்டர் குழு நாங்கள். மருத்துவர் சாமுவேல் கிறீன் 1848இல் தொடங்கி, பிறகு தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த இடம் அது. அதைக் கைவிட மனம் வரவில்லை.

இங்கே மூடப்படும் ஒரு மருத்துவ நிலையம் காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் ஒட்சிசன் செறிவாக்கிகளையும், இதயத் துடிப்பைப் பதியும் ஓர் ஈசிஜி இயந்திரத்தையும் தருகிறது. நல்ல நிலையில்தான் இருக்கின்றன. ஆனால் கனடா மின்சாரம் 120 வோல்ட், அதிர்வெண் 60 ஹேர்ட்ஸ். இலங்கையில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சாதாரண மின்மாற்றி வோல்டை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. செறிவாக்கியின் மோட்டார் அந்த 50 ஹேர்ட்ஸைத் தாங்குமா என்று பார்க்காமல் அனுப்ப எங்களுக்கு விருப்பமில்லை. ஓடாத இயந்திரம் அவர்களுக்குப் பாரம்தான். வடிகட்டிகளும் உதிரிப்பாகங்களும் அங்கே கிடைக்குமா என்றும் பார்க்க வேண்டும்.

மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் அனுபவமுள்ள பொறியியலாளரோ தொழில்நுட்பவியலாளரோ இங்கே இருந்தால், ஒரு சனிக்கிழமை வந்து பார்த்துத் தருவீர்களா? அப்புறம், பாவித்த மருத்துவக் கருவிகளைக் கொழும்புத் துறைமுகத்தில் எடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா? சுங்கத்துக்கும் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபைக்கும் எந்தப் பத்திரங்களை முன்கூட்டியே கொடுக்க வேண்டும்?

இப்போதைக்குப் பணம் கேட்கவில்லை. மாத முடிவுக்குள் அந்த நிலையத்திலிருந்து கருவிகளை எடுத்தாக வேண்டும், அதனால் தெரிந்தவர்கள் சீக்கிரம் கீழே எழுதுங்கள்.