யானா நோவோட்னாவை 1993 இறுதிப் போட்டியை வைத்து மதிப்பிடலாமா?

கோட்டோரம்:
விம்பிள்டன் மகளிர் ஆட்டங்களைப் பற்றிய பேச்சில் செக் நாட்டு டென்னிஸ் ஆட்டக்காரர் யானா நோவோட்னாவின் பெயர் எப்போதும் இரக்கத்தோடுதான் வருகிறது. 1993 இறுதிப் போட்டியில் ஸ்டெஃபி கிராஃபிடம் தோற்ற பிறகு, பரிசளிக்க வந்த கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து அவர் அழுத காட்சி, அதற்கு முன் ஆடுகளத்தில் நடந்ததையே மறைத்துவிட்டது. முதல் செட்டை, 6-6 என்ற சமநிலையை முடிக்க ஆடும் டை-பிரேக்கில் இழந்து, இரண்டாவதை 6-1 என்று வென்று, மூன்றாவதில் 4-1 என முன்னிலை பெற்று, தன் சர்வில் 40-30 என்ற நிலையில் நின்றவர் அவர். அந்தப் புள்ளியை எடுத்திருந்தால் 5-1 ஆகியிருக்கும். இரண்டு சர்வையும் தவறவிட்டு டபுள் ஃபால்ட் செய்தார். அந்த கேமையும் அதைத் தொடர்ந்த நான்கு கேம்களையும் இழந்து 6-4 எனத் தோற்றார். இவ்வளவு திறமை இருந்தும் ஒற்றையரில் ஒரே ஒரு கிராண்ட் ஸ்லாம் (ஆண்டின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) பட்டத்தோடு அவர் நின்றதற்கு, நெருக்கடியில் தளர்ந்த மனமே முதல் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

வலைமுனை:
நண்பர் கோட்டோரம் சொல்லும் புள்ளிகள் சரியானவை. அவற்றிலிருந்து அவர் வந்து சேரும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நோவோட்னா சர்வ் போட்டவுடன் வலையை நோக்கி ஓடிய ஆட்டக்காரர். அப்படி ஆடுபவர் இரண்டாவது சர்வை மெதுவாக உள்ளே தள்ளிவிட்டுத் தப்ப முடியாது, ஏனெனில் எதிரே நின்றது கிராஃபின் ஃபோர்ஹேண்ட். ஆழமில்லாத சர்வ் விழுந்தால், நோவோட்னா வலையை அடைவதற்குள் பந்து அவரைக் கடந்து போயிருக்கும். அதே துணிவோடு ஆடித்தான் காலிறுதியில் சபாட்டினியையும், அரையிறுதியில் அந்தப் புல்தரையின் அரசியாகவே இருந்த நவ்ரத்திலோவாவையும் அவர் வென்று வந்தார். வெல்லும்போது துணிவு என்று நாம் பாராட்டிய ஒன்றையே, தோற்றதும் மனத்தளர்ச்சி என்று பெயர் மாற்றிச் சொல்வது நியாயமாகாது.

கோட்டோரம்:
ஒரு போட்டியோடு அது முடிந்திருந்தால் உங்கள் விளக்கத்தை ஏற்றிருப்பேன். ஆனால் 1995 பிரெஞ்சு ஓபன் மூன்றாவது சுற்றில் சாண்டா ரூபினுக்கு எதிராக, கடைசி செட்டில் 5-0, 40-0 என்று இருந்தவர், வென்றால் போட்டியே முடிந்துவிடும் ஒன்பது மேட்ச் பாயின்ட்களை நழுவவிட்டுத் தோற்றார். அது பாரிஸின் களிமண் தரை. எதிரே கிராஃபும் இல்லை. புல்தரையிலும் களிமண்ணிலும் ஒரே மாதிரியான சரிவு நிகழும்போது, ஆட்டப் பாணியை மட்டும் காரணமாகச் சொல்ல முடியுமா? 1991 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியிலும் மோனிகா செலஸிடம் முதல் செட்டை 7-5 என்று வென்ற பிறகுதான் அடுத்த இரண்டையும் இழந்தார்.

வலைமுனை:
அதே 1991 ஆஸ்திரேலிய ஓபனில், காலிறுதியின் மூன்றாவது செட்டில் கிராஃபை 8-6 என்று வென்றவரும் இவர்தானே? மனம் தளர்பவர் அந்த செட்டை எப்படி வென்றார்?

இரட்டையர் ஆட்டத்தை நீங்கள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாததுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. மகளிர் இரட்டையரில் 12 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள், ஜிம் பியூவுடன் கலப்பு இரட்டையரில் 4. அந்தப் பன்னிரண்டும் ஒரே துணையின் தயவால் வந்தவை அல்ல. ஹெலெனா சுகோவா, ஜிஜி ஃபெர்னாண்டஸ், அரான்ட்சா சான்செஸ் விகாரியோ, லிண்ட்சே டாவன்போர்ட், மார்ட்டினா ஹிங்கிஸ் என ஐந்து வெவ்வேறு ஆட்டக்காரர்களோடு அவற்றை வென்றார். 1990 இல் சுகோவாவுடன் ஆண்டின் முதல் மூன்று கிராண்ட் ஸ்லாம்களையும் கைப்பற்றி, நான்காவதின் இறுதி வரை சென்றார். துணை மாறினாலும் வெற்றி மாறவில்லை என்றால், அந்த வெற்றிகளுக்குப் பொதுவாக இருந்தவர் யார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

கோட்டோரம்:
அந்த எண்களை நான் மதிக்கிறேன், ஆனால் அவை என் வாதத்துக்கே வலுச் சேர்க்கின்றன. டபுள் ஃபால்ட் விழுந்ததும் அருகில் வந்து ஒரு சொல் பேச இரட்டையரில் ஆள் உண்டு. ஒற்றையரில் இல்லை. துணை நின்றபோதெல்லாம் பட்டம் வென்றவர், தனியாக நின்றபோது தடுமாறினார் என்பதைத்தான் நான் சொல்கிறேன். 1998 இல் விம்பிள்டனை வென்றாரே என்பீர்கள். அந்த ஆண்டு கிராஃபை மூன்றாவது சுற்றிலும் செலஸைக் காலிறுதியிலும் நடாஷா ஸ்வெரேவா வெளியேற்றிவிட்டார். இறுதியில் எதிரே நின்றவர் 16 ஆம் தரநிலையில் இருந்த நதாலி டோசியா.

புல்தரை:
இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். 1998 ஐ எளிதான பாதை என்று சொல்வது அந்தப் பட்டத்துக்குச் செய்யும் அநீதி. காலிறுதியில் வீனஸ் வில்லியம்ஸை 7-5, 7-6 என்றும், அரையிறுதியில் நடப்புச் சாம்பியனான ஹிங்கிஸை 6-4, 6-4 என்றும் நோவோட்னா வீழ்த்தினார். அதற்கு முந்தைய ஆண்டு இறுதியில், முதல் செட்டை 6-2 என்று இழந்த பிறகு மீண்டு வந்து இவரைத் தோற்கடித்தவர் அதே ஹிங்கிஸ்தான். இன்னொன்றும் உண்டு: அந்த இரு வாரங்களில் இரட்டையரில் இவருக்குத் துணையும் ஹிங்கிஸ்தான், அந்தப் பட்டத்தையும் இருவரும் சேர்ந்து வென்றார்கள். இரண்டு இறுதிகளைத் தோற்ற அதே மைய ஆடுகளத்துக்கு 29 வயதில் மூன்றாவது முறையாக வந்து, இரண்டாவது செட் டை-பிரேக் வரை போனபோது அதை 7-2 என்று முடித்தவரை எப்படி எடைபோடுவது என்பதுதான் என் கேள்வி.

வலைமுனை:
நண்பர் புல்தரைக்கு நன்றி. தனியாக நின்றால் தடுமாறினார் என்ற வாதத்துக்கு 1997 ஆண்டிறுதிச் சாம்பியன்ஷிப்பும் பதில் தருகிறது. நியூயார்க்கில், ஐந்து செட் முறையில் நடந்த இறுதிப் போட்டியில் மேரி பியர்ஸை 7-6, 6-2, 6-3 என்று நேர் செட்களில் வென்றார். 1990 முதல் அவருக்குப் பயிற்சியளித்த ஹானா மாண்ட்லிகோவா ஒற்றையரில் நான்கு கிராண்ட் ஸ்லாம்களை வென்றவர், ஆனால் விம்பிள்டனில் 1981, 1986 ஆகிய இரண்டு இறுதிகளிலும் தோற்றவர். பயிற்சியாளருக்கே எட்டாத பட்டத்தை மாணவி பெற்றார் என்பதை நம் இதழ்களில் யாரும் எழுதுவதில்லை, அழுத புகைப்படத்தை மட்டும் திரும்பத் திரும்ப அச்சிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கோட்டோரம்:
பியர்ஸுடனான வெற்றியின் எடையை ஒப்புக்கொள்கிறேன். 1998 அரையிறுதியின் எடையையும் ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் 24 ஒற்றையர் பட்டங்கள் வென்று, உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை உயர்ந்த ஒருவருக்கு நான்கு கிராண்ட் ஸ்லாம் இறுதிகளும் அவற்றில் ஒரே வெற்றியும் போதாது. கிராஃபும் செலஸும் ஆடிய காலம் என்பது பாதி விளக்கம்தான். 4-1 என்ற நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது காலம் அல்ல, அவருடைய கை. அங்கிருந்து விட்டதும் அதே கைதான்.

புல்தரை:
அவருடைய ஊரான பிர்னோவிலிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி தெரியும். பதினெட்டு வயதில் அதே ஊரைச் சேர்ந்த பார்போரா கிரெய்சிகோவா, எதிர்காலத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்று கேட்டு நோவோட்னாவின் வீட்டுக் கதவைத் தட்டினார். நோவோட்னா அவருக்கு வழிகாட்டினார். 2017 இல், 49 வயதில், புற்றுநோயால் இறந்தார். கிரெய்சிகோவா 2021 இல் பிரெஞ்சு ஓபனையும், 2024 இல் விம்பிள்டனையும் ஒற்றையரில் வென்றார், இரண்டு முறையும் தன் ஆசிரியையை நினைவுகூர்ந்தார். இரட்டையர் ஆட்டத்தில் வளர்ந்து, வலைக்கு அருகே கைத்திறனைக் கற்று, பிறகு ஒற்றையரில் உயர்ந்த அந்தப் பாதை நோவோட்னா நடந்த பாதையே. ஆகவே 1993 இல் விட்ட ஐந்து கேம்களை எண்ணுபவர்கள், 1998 க்குப் பிறகு அவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனதையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோட்டோரம்:
அது ஆசிரியையாக அவர் பெற்ற பெருமை, அதில் எனக்கு மறுப்பே இல்லை. நான் கேட்டது ஆட்டக்காரரைப் பற்றி. மூன்றாவது செட்டில் முன்னிலையில் இருந்து சர்வ் போடும் நோவோட்னாவை நம்பி இருந்திருப்பீர்களா என்பதற்கு நீங்கள் இருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

வலைமுனை:
1993 இல் நம்பியிருப்பேனா என்பது எனக்கே தெளிவில்லை. 1998 இல் நம்பியிருப்பேன்.