மறு: 'டாப் டெட் சென்டர்' – தமிழில் என்ன வைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுவிட்டதால் கேட்ட கேள்வியை ஒருமுறை நினைவூட்டிவிட்டுத் தொடர்கிறேன். பழைய ஸ்பிளெண்டர் பைக் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், முதல் முறையாகத் தன் கையாலேயே டாப்பெட் (வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளி) சரிசெய்யப் போகிறார். இதற்கு முன் எஞ்சினில் அவர் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றியதில்லை. அவரைப் போன்றவர்களுக்காக நாம் தமிழில் எழுதும் செய்முறைக் குறிப்பில் 'பிஸ்டனை டாப் டெட் சென்டருக்குக் கொண்டுவரவும்' என்ற வரியை எப்படி எழுதுவது? அவ்வளவுதான் கேள்வி. (சிலிண்டருக்குள் போய்வரும் பிஸ்டன், வால்வுகள் இருக்கும் பக்கம் கடைசிவரை போய் நிற்கும் நிலைதான் டாப் டெட் சென்டர்.) நாம் அதை விட்டுவிட்டு, பிஸ்டன் ஆடுதண்டா உந்துதண்டா, வால்வு ஓரதரா அடைப்பிதழா என்று இரண்டு நாளாக மோதிக்கொண்டிருக்கிறோம்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன், வால்வு, டாப்பெட், பிளக் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் 'ஓரதர் மூடிக்கு ஒரு வளையம் கொடுங்க' என்று கேட்டால் கடைக்காரர் முதலில் நம்மை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார். காசு கொடுத்து வாங்கும் சாமானுக்குக் கடையில் வழங்கும் பெயரே போதும். டாப் டெட் சென்டர் எந்தக் கடையிலும் கிடைக்காது. அது ஒரு நிலை. மனதில் படம் ஓடினால்தான் புரியும். தமிழ்ச்சொல் உதவப்போவது அங்கேதான்.

> ஆங்கிலத்தில் உள்ளபடியே 'மேல் செத்த மையம்' என்று வைத்தால் குழப்பம் வராதே?

வரும். எது செத்தது என்று படிப்பவர் தேடுவார். பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடும், அது சுழற்றும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும்போது பிஸ்டனை எவ்வளவு அழுத்தினாலும் கிராங்க் திரும்பாது. திருப்புதிறன் அங்கே சுழியம். 'டெட்' என்பது அதைத்தான் குறிக்கிறது. காலால் மிதிக்கும் தையல் மிஷின் சில நேரம் மிதித்தாலும் நகராமல் நின்றுவிடும், கையால் சக்கரத்தைத் தட்டிவிட வேண்டியிருக்கும், இல்லையா? அதுவும் இதே நிலைதான். ஆனால் டாப்பெட் சரிசெய்பவருக்கு இந்த விளக்கம் எதற்கும் பயன்படாது. பிஸ்டன் எங்கே நிற்கிறது, வால்வுகள் என்ன செய்கின்றன என்ற இரண்டு செய்திதான் அவருக்கு வேண்டும். சாவை ஆங்கிலத்துக்கே விட்டுவிடுவோம்.

> 'மேல்முனை' போதும். எளிமையாக இருக்கிறது.

புல்லட்டுக்குப் போதும், அதன் சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிறது. ஸ்பிளெண்டரின் 97.2 சி.சி. எஞ்சினில் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்திருக்கிறது. பிஸ்டன் அங்கே மேலே போகாது, முன்சக்கரத்தைப் பார்த்துப் போகும். 'மேல்' என்று படித்த புதியவர் எஞ்சினின் மேல்பக்கத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால்தான் 'உச்சி' என்கிறேன். மனிதர் படுத்திருந்தாலும் உச்சி தலைப்பக்கம்தான் இருக்கும். சிலிண்டருக்கும் தலைப்பக்கத்தை 'ஹெட்' என்றுதானே எல்லா மெக்கானிக்கும் சொல்கிறார்கள்? எதிர்ப்பக்கத்துக்கு 'அடி'. 'அடி முடி' என்று இணையாக வைக்கலாம் என்ற யோசனை அழகுதான், ஆனால் 'எஞ்சின் முடியில் நிற்க வேண்டும்' என்ற வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள்.

இதுவரை யாரும் தொடாத சிக்கல் ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

நான்கு வீச்சு எஞ்சினில் (அதாவது ஃபோர் ஸ்ட்ரோக்; பள்ளி இயற்பியலில் 'வீச்சு' வேறொன்று, அந்தச் சண்டை இன்னொரு நாள்) நான்கு வீச்சும் முடிவதற்குள் கிராங்க் இரண்டு முறை சுழல்கிறது, வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம் ஒரு முறைதான். ஆக, பிஸ்டன் உச்சிக்கு இரண்டு முறை வருகிறது. ஒரு முறை, கலவையை அமுக்கி முடிக்கும்போது. அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். இன்னொரு முறை, எரிந்த புகையைத் தள்ளி முடிக்கும்போது. அப்போது எக்ஸாஸ்ட் வால்வு மூடப்போகும், இன்டேக் திறக்கத் தொடங்கும். இரண்டும் இலேசாகத் திறந்த நிலை. மேக்னெட் ரோட்டரில் உள்ள 'டி' கோடு இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் உறையிலுள்ள குறியோடு நேராக நிற்கும். அது கிராங்கோடு சுற்றுவதால், எந்த உச்சி என்று அதற்குத் தெரியாது.

புதியவர் சறுக்கும் இடம் இதுதான். தவறான உச்சியில் கேம், ராக்கரைத் தள்ளிக்கொண்டிருக்கும். அங்கே திருகைத் தளர்த்தி, அளவு பார்க்கும் மெல்லிய தகடு நுழையும்படி இடைவெளி வைத்தால், வால்வு உண்மையில் மூடும்போது இடைவெளி கையேட்டில் சொன்னதைவிடப் பல மடங்கு ஆகிவிடும். வண்டி 'டக் டக்' என்று தட்டும். வால்வு முழுதாகத் திறக்காததால் இழுவையும் குறையும். இடைவெளி வேண்டிய அளவைவிடக் குறைந்துபோனால் அது இதைவிட மோசம். சூட்டில் வால்வு நீளும்போது முழுதாக உட்காராது, அமுக்கம் கசியும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும்.

ஆகவே வெறும் 'உச்சி' போதாது. எந்த உச்சி என்று சொல்லியாக வேண்டும்.

> அமுக்க உச்சி, வெளியேற்ற உச்சி என்று பிரிக்கலாம்.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இங்கே 'அமுக்கம்' என்றால் கம்ப்ரஷன், இலங்கைப் பாடநூலில் அது பிரஷர். நமக்கு 'வளிமண்டல அழுத்தம்', அவர்களுக்கு 'வளிமண்டல அமுக்கம்'. இரண்டு கரையிலும் படிக்கப்போகும் குறிப்பில் இந்தச் சிக்கலை ஏன் இழுத்துவிட வேண்டும்? அதோடு, அமுக்கம் என்ற சொல் வண்டியில் எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டுவதும் இல்லை.

என் முன்மொழிவு: மூடிய உச்சி, திறந்த உச்சி.

வால்வுகள் மூடியிருந்தால் மூடிய உச்சி, இலேசாகத் திறந்திருந்தால் திறந்த உச்சி. பெயரே சோதனையையும் சொல்லிவிடுகிறது. இரண்டு டாப்பெட் மூடியையும் கழற்றிவிட்டு ராக்கர்களை விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் இலேசான ஆட்டம் இருந்தால் மூடிய உச்சி. ஒன்று இறுகியிருந்தாலும் கிராங்கை இன்னொரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டியதுதான்.

கார்க்காரர்களுக்கும் இது பொருந்துகிறது. 1-3-4-2 வரிசையில் எரியும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒன்றாவது மூடிய உச்சியில் நிற்கும்போது நான்காவது திறந்த உச்சியில் நிற்கும். நான்காவதின் வால்வுகள் மாறுவதைப் பார்த்து ஒன்றாவதைச் சரிசெய்யும் பழைய மெக்கானிக் வழக்கத்தை இப்போது ஒரே வரியில் எழுதிவிடலாம். இரண்டு வீச்சு எஞ்சினில் இந்த மாதிரி வால்வு கிடையாது. அங்கே வெறும் உச்சி போதும்.

> பிளக் துளையில் குச்சி விட்டுப் பார்த்தால் உச்சி தெரிந்துவிடும், கோடெல்லாம் எதற்கு?

குச்சி தோராயத்துக்குத்தான். உச்சிக்கு அருகில் பிஸ்டன் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஸ்பிளெண்டரில் பிஸ்டன் நகரும் தூரம் மொத்தம் 49.5 மி.மீ.; உச்சியிலிருந்து கிராங்கை 5 பாகை திருப்பினாலும் பிஸ்டன் இறங்குவது சுமார் 0.1 மி.மீ.தான். குச்சிக்கு அது தெரியாது. இரும்புக் கம்பி மட்டும் வேண்டவே வேண்டாம். பிளக் துளையை விரலால் மூடிக்கொண்டு சுற்றுவது இதைவிட நல்லது: காற்று விரலைத் தள்ளினால் வரப்போவது மூடிய உச்சி.

இடைவெளியை அளக்கும் அந்தத் தகட்டுக்கு, அதாவது 'ஃபீலர் கேஜ்' விஷயத்தில், 'இடுக்குத் தகடு' என்று எழுதியவருக்கு என் வாக்கு. 'உணர்மானி' சென்சார் போல ஒலிக்கிறது. திருகை நகராமல் பூட்டும் 'லாக் நட்' அப்படியே இருக்கட்டும்.

குறிப்பில் அந்தப் பகுதி இப்படி வரலாம்:

'எஞ்சின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் எடுப்பது நல்லது. பிளக்கைக் கழற்றினால் கிராங்க் எளிதாகச் சுழலும். இடப்பக்க உறையில் உள்ள இரண்டு மூடிகளையும் எடுத்துவிட்டு, ரோட்டரைக் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் ஸ்பேனரால் மெதுவாகச் சுற்றவும். முதலில் வருவது எஃப் கோடு. அது தீப்பொறிக்கானது, அங்கே நிறுத்த வேண்டாம். அடுத்து வரும் டி கோடு குறியோடு நேராகும்போது நிறுத்தி, ராக்கர்களை ஆட்டிப் பார்த்து மூடிய உச்சிதானா என்று உறுதிசெய்துகொள்ளவும். உங்கள் மாடலுக்கான கையேட்டில் சொன்ன தடிமனுள்ள இடுக்குத் தகட்டை நுழைத்து, இழுத்தால் இலேசாகப் பிடிக்கும் அளவுக்குத் திருகைச் சரிசெய்யவும். திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கவும். இறுக்கும்போது அளவு மாறியிருக்கலாம் என்பதால் தகட்டை மறுபடி நுழைத்துப் பார்க்கவும்.'

டி கோட்டை 'உச்சிக் கோடு' என்று சொல்லலாமா என்றும் யோசித்தேன். ரோட்டரில் பொறித்திருப்பது டி என்ற எழுத்துதான். கண்ணால் பார்ப்பதையே எழுதுவோம் என்று விட்டுவிட்டேன்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்களுக்கு ஒரு கேள்வி: உங்கள் ஊர் கராஜ்களில் இந்த நிலைக்கு ஏற்கெனவே பேச்சுவழக்கில் ஏதாவது சொல் இருக்கிறதா? இருந்தால் 'உச்சி'யைக் கைவிட எனக்குத் தயக்கம் இல்லை. 'மூடிய', 'திறந்த' இரண்டை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.