புதுப்பிப்பு: கைபேசி இல்லாமல் சோறு ஊட்டும் விவகாரம்

கைபேசி பார்க்காமல் மகள் ஒரு வாய்கூட வாங்க மாட்டேன் என்கிறாள், என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பருப்பு கடைந்து விளையாடச் சொன்னீர்களே, அது நன்றாகவே வேலை செய்கிறது! உள்ளங்கையில் முழங்கையை வைத்துக் கடைந்து, அம்மாவுக்கு, தாத்தாவுக்கு என்று விரல் விரலாகப் பங்கு வைத்து, அப்புறம் நண்டூருது நரியூருது என்று அக்குள்வரை போய்க் கிச்சுகிச்சு மூட்டுவதற்குள் ரெண்டு மூன்று வாய் உள்ளே போய்விடுகிறது. இப்போது அவளே என் கையை இழுத்து வைத்துக் கடைகிறாள். சுண்டுவிரல் பங்கு தெருநாய்க்காம், எனக்கு ஒன்றும் கிடையாது. தரையில் சிந்துவது குறையவில்லை, அது வேறு கதை. பேருந்தில் மட்டும் கைபேசி கொடுத்துவிடுகிறேன், திட்டாதீர்கள். தூங்க வைக்க ஏதாவது விளையாட்டு இருந்தால் சொல்லுங்கள், இதில் சிரித்துச் சிரித்து வருகிற தூக்கமும் ஓடிவிடுகிறது.